நெடி வராத மிளகாய்

எங்கள் வீட்டுக் கொல்லையில் தென்னை மரங்கள் நிற்கின்றன. தேங்காய் தானாக விழுகிறது. சில சமயம் பக்கத்து வீட்டுச் சிமெண்ட் ஷீட் மேல் விழுந்து ஒரு சண்டையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அப்படிப்பட்ட வீட்டில் தேங்காய்ச் சட்னி தடை செய்யப்பட்டது. தடை போட்டவள் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள். அவள் அப்பாவுக்கு ரத்தத்தில் கொழுப்பு ஜாஸ்தி என்று கடலூர் டாக்டர் சொல்லிவிட்டார். வாயிலும் ஜாஸ்தி என்று கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிவருகிறேன், அதற்கு இதுவரை ஒருவரும் மாத்திரை எழுதித் தரவில்லை.

மகள் விடுகிற ஆளில்லை. காலையில் வீடியோவில் கூப்பிட்டு, தட்டைக் காட்டுங்கள் என்பாள். அவர் போனைத் தட்டுக்கு மேல் பிடிப்பார். வெள்ளையாக எது தெரிந்தாலும் விசாரணை நடக்கும். ஒருமுறை தயிரைத் தேங்காய்ச் சட்னி என்று நினைத்து அவரைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். அப்புறம் ஒருநாள் கூரியரில் ஒரு பெரிய பை வால்நட் வந்தது. கூடவே போனில் ஒரு செய்முறை. சிவப்புக் குடைமிளகாயை நெருப்பில் வாட்டித் தோலுரித்து, வால்நட்டோடு சேர்த்து அரைத்தால் ஒரு டிப் வருமாம். சிரியா பக்கம் சாப்பிடுவார்களாம். பெயர் முகம்மரா. இட்லிக்குத் தொட்டுக்கொண்டால் இதயத்துக்கு நல்லது என்று எழுதியிருந்தாள். சிரியாக்காரர்கள் இட்லிக்கா தொட்டுக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எந்தக் கேள்விக்குப் பதில் வராது என்று எனக்குத் தெரியும்.

திருப்பாப்புலியூர் மார்க்கெட்டில் பச்சைக் குடைமிளகாய் கிடைக்கும். சிவப்பு கிடைக்காது. கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பச்சையையே வாங்கிப்போய் அரிசிப் பானைக்குள் வையுங்கள், பழுத்துவிடும் என்றார். வைத்தேன். பழுக்கவில்லை, அழுகியது. கடைசியில் பாண்டிச்சேரியில் பெரிய கடைகளில் கிடைக்கும் என்று தெரிந்து என் வீட்டுக்காரரை அனுப்பினேன். கடலூர்க்காரன் துணிப்பையை எடுத்துக்கொண்டு பாண்டிக்குப் போனால் எதற்குப் போகிறான் என்று தெருவுக்கே தெரியும். மனிதர் பீர் பாட்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். திரும்பி வரும்போது செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் பையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே குடைமிளகாய் மட்டும்தான். அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று துழாவிவிட்டு, பாண்டி வரைக்கும் போய் இதைத்தானா சார் வாங்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று வருத்தப்பட்டாராம். அந்த வருத்தம்தான் என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. வந்து பையை மேடையில் வைத்துவிட்டு, இனிமேல் நீயே போ என்றார்.

மற்ற சாமான்களும் இதே கதைதான். மாதுளம்பழச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகு வேண்டும் என்று எழுதியிருந்தது. புளியும் வெல்லமும் போதும் என்று நானே முடிவு செய்தேன். ரொட்டித்தூளுக்கு டீக்கடை ரஸ்க். ஆலிவ் எண்ணெய் வீட்டில் இருந்தது, ஆனால் அது மருந்துக்கடையில் குழந்தைகளுக்கு உடம்பில் தேய்க்க விற்கிற சின்ன டப்பா. என் முட்டிக்காக வாங்கியது. அதை ஊற்ற மனசு வராமல் நல்லெண்ணெய்க்கு வந்தேன். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால், சிரியாவிலிருந்து மிச்சம் இருந்தது குடைமிளகாயும் வால்நட்டும் மட்டும்தான்.

இந்த இடத்தில் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சிதம்பரத்தில், அண்ணாமலை நகரை ஒட்டிச் சொந்த வீடு. மாடியை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதாலேயே படிப்பு காற்றில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அண்ணியின் எண்ணம். என் மகள் அங்கே படித்த வருஷங்களில் அவர் வீட்டில்தான் தங்கினாள். அம்மா என்ற சொல் என்னைக் குறித்தாலும், பசித்தால் அவள் நினைப்பது அத்தையைத்தான். அவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு முதல் நலங்கு அத்தை கையால்தான் வைப்பார்கள். அத்தை தொட்ட பிறகுதான் மற்றவர்கள் மஞ்சளைத் தொடலாம்.

அண்ணி நல்ல மனுஷி. அவரிடம் உள்ள ஒரே கோளாறு, எதைப் பார்த்தாலும் வாய்விட்டுப் பாராட்டுவார். முருங்கை மரத்தைப் பார்த்து, எவ்வளவு காய்த்திருக்கிறது என்றார். அந்த வாரக் காற்றில் மரம் முறிந்தது. வாஷிங் மெஷினைப் பார்த்து, சத்தமே இல்லாமல் ஓடுகிறதே என்றார். மறுமாதம் அது போட்ட சத்தத்தில் தெரு கூடியது. அண்ணி எங்கள் வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் பாராட்டுவதால், எது கெட்டுப்போனாலும் அது ஏற்கெனவே அவர் பாராட்டிய பொருளாகத்தான் இருக்கும். இதை என் வீட்டுக்காரரிடம் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவர் கெமிஸ்ட்ரி பட்டதாரி. கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு, அக்கா கிளம்பி ஆட்டோ தெருமுனையைத் தாண்டியதும் உள்ளே வந்து, ஒரு பிடி காய்ந்த மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றுவார். சொந்தத் தம்பி, கூடப் பிறந்தவர். என்னைச் சுற்றுவார், தன்னைச் சுற்றிக்கொள்வார், ஒருமுறை ஃபிரிட்ஜைச் சுற்றப் பார்த்து, சுவர் இடித்ததால் பாதியில் விட்டார்.

சுற்றிய மிளகாயை அடுப்பில் போட வேண்டும். நெடி ஏறி எல்லோரும் இருமினால், கண் ஒன்றும் படவில்லை, நிம்மதி. நெடியே வரவில்லை என்றால் பட்டிருப்பது பொல்லாத கண். மிளகாயின் காரத்தையே விழுங்கிவிட்டது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் இந்தக் கணக்கு தெரியும். மிளகாய் பழசா, புதுசா, நமுத்துப்போனதா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி முகூர்த்தப் புடவை பார்க்க வந்திருந்தார். பார்த்தார், பாராட்டினார். நாங்கள் புதிதாகக் கட்டிய சமையல் மேடையையும் பாராட்டினார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் இருக்கும்போது நான் குடைமிளகாயை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் கரண்டி அவர் கைக்குப் போய்விடும், அப்புறம் சிரியா முழுக்க அழிந்துவிடும். ஆட்டோ போன சத்தம் கேட்டதும் இரண்டு பர்னரையும் பற்றவைத்து மிளகாய்களைத் தீயின் மேலேயே வைத்தேன். தோல் நன்றாகக் கருக வேண்டும் என்று மகள் எழுதியிருந்தாள். கத்தரிக்காய் சுடுவது போலத்தான். பளபளவென்று சிவப்பாக, என் கை அளவுக்கு ஒவ்வொன்றும் இருந்தது. கறுத்துக்கொண்டே வந்தது, சடசடவென்று சத்தம் போட்டது, லேசாக இனிப்பு வாசனைகூட வந்தது.

என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். கை மூடியிருந்தது. உள்ளே மிளகாயும் உப்பும். இரண்டு பர்னரிலும் என் வேலை நடந்துகொண்டிருந்ததால், அடுப்பு காலியாகட்டும் என்று காத்திருந்தார்.

அப்போதுதான் அண்ணி திரும்பி வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி வழியில் கண்ணாடிக் கூட்டை மறந்தது ஞாபகம் வந்து, அதே ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். சொந்த வீடு மாதிரி நேராகச் சமையலறைக்குள் வந்தவர், அடுப்பைப் பார்த்தார். சிவப்பு மிளகாய் எரிந்துகொண்டிருந்தது. அவர் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

"நான் தெருவத் தாண்டறதுக்குள்ளயா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சினார். ஒருமுறைக்கு இருமுறை உறிஞ்சினார். முகம் மாறியது. "நெடியே வர்லியே. அவ்ளோ பொல்லாத கண்ணா என் கண்ணு?"

நான் பதறிப்போனேன். இது சட்னிக்கு அண்ணி, குடைமிளகாய், இதில் காரமே கிடையாது என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"காரமே இல்லாத மொளகாய எதுக்கும்மா கொளுத்துற?"

நியாயமான கேள்வி. சிரியாவில் இப்படித்தான் செய்வார்கள் என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக விழுங்கினேன். உண்மையில் மிளகாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எனக்குப் பின்னால் இருந்தார். கையை மெதுவாக லுங்கி மடிப்புக்குள் விட்டு, மிளகாயை அங்கே பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார். எனக்கு எதிரே ஓயாமல் இருக்கும் வாய்க்கொழுப்பு அந்த நேரம் பார்த்துச் சுத்தமாகக் கரைந்திருந்தது. டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவரைக் காட்டிக்கொடுக்க ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நாத்தனார் தம்பி பெண்டாட்டியை வெறுப்பது ஊர் உலகத்தில் நடக்கிறதுதான், ஒரு கல்யாணச் சாப்பாட்டில் சரியாகிவிடும். தம்பியே தன் கண்ணுக்குப் பயந்து மிளகாய் சுற்றுகிறான் என்று தெரிந்தால் அந்த மனுஷி எங்கே போவார்? அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டது நல்ல குணத்தால் என்று யாரும் நினைக்க வேண்டாம். மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டேதான் நின்றேன்.

அண்ணி கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, உள்ளே திரும்பாமலே சொன்னார்: "நலங்குக்கு நல்ல கண்ணு உள்ளவங்களா யாரையாச்சும் பாத்து வச்சிக்கோங்க. நான் வர்ல."

அன்று டிப்பை அரைத்து முடித்தேன். வீணாக்க மனமில்லை. தோலுரித்த மிளகாய், வறுத்த வால்நட், ரஸ்க், பூண்டு, சீரகம், புளி, வெல்லம், பெயருக்கு ஒரு வரமிளகாய். செங்கல் நிறத்தில் ஒரு விழுது வந்தது. நன்றாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் தொட்டுச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்தார். நான் பார்த்த பார்வையில் சொல்லாமலே எழுந்து போனார்.

மகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அத்தையே சொல்லியிருக்கிறார். அவள் என்னைக் கூப்பிட்டு, டிப் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. "அத்தை வராம நான் மணையில ஒக்கார மாட்டேன்மா," என்றாள். செய்முறை அனுப்பியது நீதானே என்று சொல்லலாம்தான். குரல் உடைந்திருந்ததால் சொல்லவில்லை.

சொந்தக்காரர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரின் சித்தி கூப்பிட்டு, இப்படிக் கல்யாண நேரத்தில் செய்யலாமா என்று வெகுநேரம் புத்தி சொன்னார். அவர் கேள்விப்பட்ட கதையில் மிளகாய் பூசணிக்காய் அளவு இருந்தது. அந்தக் கதையில் அண்ணி இன்னும் படிகூட இறங்கியிருக்கவில்லை. திட்டக்குடியிலிருந்து ஒரு ஒன்றுவிட்ட கொழுந்தனார் பெண்டாட்டி வேறு மாதிரி. ரொம்ப அக்கறையாகப் பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, அந்தப் பெரிய மிளகாய் எங்கே கிடைக்கிறது என்று விசாரித்தாள். அவள் மாமியார் அடுத்த வாரம் வருகிறாராம்.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது அண்ணியின் வீட்டுக்காரர் பேசியதுதான். அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "நான் ஒண்ணும் நெனைக்கல மச்சான். ஆனா இவதான் கண்ணாடி முன்னாடியே நிக்கிறா. என் கண்ணு ஒரு மாதிரியா இருக்கா பாருங்கன்னு என்னையக் கேக்குறா," என்றார். என் வீட்டுக்காரர், சரி மாமா, சரி மாமா என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் பவுடர் போட நின்ற கண்ணாடியில் தன் கண்ணைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதற்கு ஒரு குடைமிளகாயும் ஒரு கோழையும் காரணம்.

மறுநாள் மிச்சமிருந்த குடைமிளகாயையும் வால்நட்டையும் பையில் போட்டுக்கொண்டு, ஒரு டப்பா டிப்பும் எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவருக்கு முட்டி வலித்தது. இத்தனை நாளும் எனக்குத்தான் முட்டி வலி, அன்று ஒருநாள் கடன் வாங்கிக்கொண்டார். தூறலாக இருந்தது. குடை எடுத்துக்கொண்டேன்.

அண்ணி கதவைத் திறந்தார். வா என்றார். தண்ணீர் கொடுத்தார். காப்பி போடட்டுமா என்று கேட்கவில்லை. அண்ணி வீட்டில் கரண்ட் கணக்கெடுக்க வருகிறவருக்குக்கூடக் காப்பி உண்டு. நான் உட்காரவில்லை. அடுப்பைக் கொஞ்சம் கொடுங்கள் அண்ணி என்று நேராகச் சமையலறைக்குப் போனேன். குடைமிளகாயை அவர் கண் முன்னால் அரிந்து, ஒரு துண்டை நீட்டினேன். "பச்சையா கடிச்சிப் பாருங்க அண்ணி."

அவர் வாங்கி, தன் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். ஆபத்தான வேலையெல்லாம் அந்த வீட்டில் அவர் தலையில்தான் விழும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார், மென்றார், கண்ணைத் திறந்தார். வெள்ளரிக்காய் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு அண்ணி ஒரு மூலையைக் கடித்தார். நம்பாமல் இன்னொரு கடி கடித்தார்.

மற்றதைத் தீயில் வைத்தேன். மூவரும் நின்று பார்த்தோம். கருகியது. நெடி வரவில்லை. இதை யார் தலையைச் சுற்றியும் போடவில்லை அண்ணி, இது பிறவியிலேயே இப்படித்தான் என்றேன். நான் தோலுரிக்கும்போது அண்ணி, அப்படி இல்லை, இப்படி என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. அரைத்து முடித்துக் கிண்ணத்தில் வைத்ததும் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. தாளிக்காத ஒரு விழுதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ள அவரால் முடியாது. நல்லெண்ணெயைக் காயவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை என்று போட்டு அதன் தலையில் கொட்டினார். சிரியா முடிந்தது.

இட்லி வந்தது. அண்ணி தொட்டுச் சாப்பிட்டார், மேலே பார்த்து யோசித்தார். "இது நம்ம கொத்சுதான்," என்றார். "கத்திரிக்கா போட வேண்டிய எடத்துல இதப் போட்டுக் கெடுத்து வச்சிருக்கானுங்க." சிதம்பரத்துக்காரர்களுக்கு உலகத்தில் இருப்பது இரண்டே பதார்த்தம். ஒன்று கொத்சு, இன்னொன்று சரியாக வராத கொத்சு. அதற்கு மேல் அவர் சொன்னதுதான் எனக்கு வேண்டியது. நலங்கு மாவை வெளியே வாங்க வேண்டாம், நானே அரைத்து எடுத்துவருகிறேன் என்றார். பிறகு காப்பி போட்டார்.

மனசு லேசாகிவிட்டால் வாய் நிற்காது. கிளம்பும்போது வாசலில் மல்லிகைப் பந்தலைப் பார்த்து, இந்த மழையிலும் எவ்வளவு பூ, உங்கள் கை ராசி அண்ணி என்று வாயாரச் சொன்னேன். வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னேன். அண்ணி சிரித்தார். தெருமுனைக்குப் போனதும் தூறல் விழுந்தது. குடை ஞாபகம் வந்தது. திரும்பினேன்.

கேட்டுக்குள் கால் வைத்ததும் தொண்டையில் ஏறியது. அசல் நெடி. வரமிளகாய் நெடி. சமையலறை ஜன்னல் வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே அண்ணியும் அவர் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி இருமிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் வீட்டில் சாப்பிட்ட இட்லி இன்னும் வயிற்றில் இறங்கக்கூட இல்லை.

நேராக உள்ளே போய், நான் தெருவைத் தாண்டுவதற்குள்ளா என்று அவர் கேட்டதையே கேட்டிருக்கலாம். அதைவிடச் சுகமான ஒரு நிமிஷம் எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. பந்தலுக்கு அடியில் நின்று புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, இருமலை அடக்கிக்கொண்டு யோசித்தேன். கேட்டால் நான் ஜெயிப்பேன். மகள் மணையில் உட்கார மாட்டாள். குடையை விட்டுவிட்டு நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

பாதி வழி வரை அண்ணியை மனசுக்குள் வசைபாடிக்கொண்டே வந்தேன். புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் கணக்கு உறைத்தது. அவ்வளவு நெடி வந்தது. அப்படியானால் அவர்கள் கணக்குப்படி என் கண்ணில் ஒன்றுமே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புகுந்த வீட்டுப் பக்கமிருந்து எனக்குக் கிடைத்த முதல் நற்சான்று அது. யாரிடமும் காட்ட முடியாது. சிரிப்பு வந்தது. பக்கத்து ஸீட்டுப் பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

அண்ணியோ இன்னும் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மிளகாய் விஷயம் தெளிந்தாலும், ஒருமுறை கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. அவர் வீட்டுக்காரர் போனில் சொன்னார். எதையும் பாராட்டுவதையே விட்டுவிட்டாராம். மாடியில் குடியிருக்கும் பையன் புது பைக் கொண்டுவந்து காட்டியதற்கு, ஊம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

நலங்கு அன்று அண்ணி வந்தார். மாவு டப்பா ஒரு கையில், என் குடை ஒரு கையில். குடையை நீட்டி, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போவாய் என்று பார்த்தேன் என்றார். பஸ் வந்துவிட்டது அண்ணி என்றேன். என்னைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். பிறகு உள்ளே போய் என் மகளின் கன்னத்தில் முதல் மஞ்சளை வைத்தார். மகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் தலையில் பூ, கழுத்தில் நகை, முகத்தில் மஞ்சள். கூடமே அசந்துபோய் அழகு அழகு என்றது. அண்ணி மட்டும் வாய் திறக்கவில்லை. பெற்றவளைவிடப் பொங்கிச் சோறு போட்டவள், சொந்தப் பெண் மாதிரி வளர்த்தவள், அந்தப் பெண்ணை நிமிர்ந்து நன்றாகப் பார்க்கக்கூடப் பயந்துகொண்டு தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நலங்கு முடிந்தால் பெண்ணுக்குத் திருஷ்டி கழிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் மிளகாய் டப்பாவை நோக்கி நகர்ந்தார். நான் முந்திக்கொண்டேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்றைக்கென்று குண்டூர் மிளகாயாகப் பார்த்து வாங்கி, மொட்டை மாடியில் வெயிலில் சருகாகக் காயவைத்து எடுத்து வைத்திருந்தேன். கைநிறைய அள்ளி உப்போடு அண்ணியின் கையில் கொடுத்து, நீங்களே சுற்றுங்கள் என்றேன்.

அண்ணி தயங்கினார். பிறகு சுற்றினார். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, வந்தவங்க கண்ணு என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு நொடி நின்று, "அத்தை கண்ணு" என்றார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மேல்பட்டாம்பாக்கம் சித்தி பக்கத்திலிருந்து, அம்மா கண்ணையும் சொல்லு என்று எடுத்துக்கொடுத்தார்.

"அது வேணாம்," என்றார் அண்ணி. "அவ கண்ணுல ஒண்ணும் கெடையாது. எனக்குத் தெரியும்."

கூடத்தில் இருந்தவர்கள் நாத்தனாரின் பெருந்தன்மையை எண்ணி உருகினார்கள். எப்படித் தெரியும் என்பது எங்கள் இருவருக்கும், கூட இருமிய அவர் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

மிளகாய் அடுப்பில் விழுந்தது. குண்டூர்க்காரர்கள் நன்றாக இருக்கட்டும். நெடி கூடத்தை ஒரு தூக்குத் தூக்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு ஓடினார்கள், வீடியோகிராபர் கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடினார், திட்டக்குடிக்காரி எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். அண்ணி மட்டும் சமையலறை வாசலில் நகராமல் நின்றார். இருமினார், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்டியது, முந்தானையால் துடைத்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னார்: "என் கண்ணையும் சேத்துதான் சுத்தினேன். பாத்தீங்கல்ல, என் கண்ணையும் சேத்துதான்."

பிறகு கூடத்துக்குப் போய், மணையில் இருமிக்கொண்டிருந்த என் மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, ஆசை தீரப் பார்த்தார். எவ்வளவு அழகாக இருக்கிறாள் பார் என்று என்னிடம் சொன்னார். ஆமாம் அண்ணி என்றேன்.